குஸ்கோக்விம் சால்மனைக் காயவைக்கும் முறை

வலையை எடுப்பதற்கு முன் அறிவிப்பைக் கேளுங்கள். அலாஸ்காவின் எங்கள் குஸ்கோக்விம் ஆற்றில் ராஜ சால்மன் குறைந்துவிட்டதால், எந்த நாளில், எவ்வளவு நேரம் வலை வீசலாம் என்று மீன்வள அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். 2015இல் உருவான பழங்குடிகளின் மீன்வள ஆணையத்துக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு. வலைக்கண்ணி 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய பெண்மீன்கள் தப்பி, மேலே போய் முட்டையிடட்டும்.

பிடித்த மீனை அன்றே அறுங்கள். யூப்பிக் பழங்குடிப் பெண்களான நாங்கள் உலுவாக் என்ற பிறை வடிவக் கத்தியைத்தான் எடுப்போம். நேர்க்கத்தியில் எனக்குக் கை ஓடாது. தலையையும் குடலையும் நீக்கி, நடுமுள்ளின் இருபுறமும் வால் வரை அறுங்கள். வாலில் இரு பக்கமும் ஒட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடியில் தொங்காது. பிறகு சதையில் விரற்கடை இடைவெளியில் குறுக்கே கீறுங்கள். தோல் அறுபடக் கூடாது. அவசரக்காரர்கள் காரியத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

உப்புநீரில் சற்று ஊறவைத்து, சதை வெளிப்பக்கம் இருக்கும்படி தொங்கவிடுங்கள். தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் புகைக்குடிலுக்கு மாற்றலாம். காட்டன்வுட் மர விறகு போதும்; ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸ் வேண்டாம், அதன் பிசின் மீனைக் கசக்க வைத்துவிடும். விறகு புகைய வேண்டும், கொழுந்துவிட்டு எரியக் கூடாது. சூடு ஏறினால் மீன் வெந்து உதிர்ந்துவிடும். மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள், ஈரத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தலைகள் சூப்புக்கு, நடுமுள் நாய்களுக்கு. முதல் மீன் மட்டும் ஊர்ப் பெரியவர்களுக்கு; அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.