வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முறை கரைத்துக் காட்டச் சொல்லுங்கள்: குழந்தைகள் வார்டில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு, பிஞ்சுக் கையில் நரம்பு பார்த்து ஊசி ஏற்றுவது எப்படி என்று காட்டித்தர மூத்தவர்கள் பலர் இருப்பார்கள். தாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து கற்றுத்தருவதில்லை. கடலூரில் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில், அந்த ஒரு வேலையை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் முதல் கோடையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றுப்போக்கு குணமாகி வீட்டுக்குப் போன ஒன்றரை வயதுக் குழந்தை, மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. உதடு வறண்டு, தண்ணீரைப் பார்த்ததும் பாய்ந்து பிடித்தது. இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலை நினைத்து, ‘ஓ.ஆர்.எஸ். குடுத்தீங்களாம்மா?’ என்று கேட்டேன். ‘வேளை தவறாம குடுத்தேன் சிஸ்டர்’ என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்திருந்தார். ஐந்து மடங்கு அடர்த்தியான அந்த உப்புக் கரைசல் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, தாகத்தையும் வலிப்பையும்கூட வரவழைக்கக்கூடியது. அனுப்பும்போது நான் அவரிடம் ‘பாக்கெட்டைத் தண்ணியில கலந்து குடுங்க’ என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் ‘சரிங்க சிஸ்டர்’ என்று தலையசைத்தார். தலையசைப்பை, அவர் புரிந்துகொண்டதற்கான அடையாளமாக நான் எடுத்துக்கொண்டது என் பிழை. குழந்தை பிழைத்துக்கொண்டது, நான் சொல்லிக்கொடுக்கும் முறையை அன்றோடு மாற்றிக்கொண்டேன்.

முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். வீட்டில் இதுவரை என்ன செய்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதைக் கடிந்துகொள்ளும் தொனி இல்லாமல் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். ‘மாந்தம்னு சொன்னாங்க’, ‘பயந்ததுல சீர் அடிச்சிருக்குன்னு மந்திரிச்சிட்டு வந்தோம்’ என்பார்கள். மந்திரிப்பதைப் பற்றி வாதம் வேண்டாம். அதனால் கெடுதல் இல்லை, வாதிட்டால் அடுத்த முறை நம்மிடம் மறைப்பார்கள். ஆனால் தொக்கம் (தொண்டையில் சிக்கிய உணவு) எடுப்பதாகச் சொல்லித் தொண்டைக்குள் விரல் விட்டிருந்தாலோ, உரம் (சுளுக்கு) எடுப்பதாகப் புடவையில் போட்டுக் கைக்குழந்தையை உருட்டியிருந்தாலோ, அது மூச்சுக்கும் தலைக்கும் ஆபத்து என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது, எதில் உறுதியாக நிற்பது என்பதைச் செவிலியர் தமக்குள் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருப்பது நல்லது.

யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைப் பகல் முழுவதும் வைத்திருப்பது ஆயா, அதாவது பாட்டிதான். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கக் கிளம்பும் தாயின் வீட்டிலும் பெரும்பாலும் அப்படியே. ஆகையால் ‘பகல்ல குழந்தைய யாரும்மா பாத்துக்கிறாங்க?’ என்று கேட்டு, அவரையும் வரவழைத்து உட்கார வைத்த பிறகே தொடங்குங்கள்.

இனி ஓ.ஆர்.எஸ். கரைப்பதற்கு வருவோம். நீங்கள் கரைத்துக் காட்டி, அவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அவர் கரைக்க வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதில் ‘1 லிட்டர்’ என்று அச்சிட்டிருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டட்டும், ஏனென்றால் அதே வடிவத்தில் முக்கால் லிட்டர் பாட்டில்களும் உண்டு. பாட்டில் இல்லையென்றால், அவர் வீட்டில் புழங்கும் சொம்பைக் கொண்டுவரச் சொல்லி, அளந்து, ஒரு லிட்டர் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக் கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் பாக்கெட் முழுவதையும் கொட்ட வேண்டும்; பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்கக் கூடாது. கரைத்த பிறகு சுட வைக்கக் கூடாது, சர்க்கரையோ பழச்சாறோ சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். கடைகளில் 200 மில்லி நீருக்கான சிறு பாக்கெட்டும் கிடைப்பதால், உறையைத் திருப்பி அளவைப் படித்த பிறகே பிரிக்கப் பழக்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுங்கள். கரைத்து முடித்ததும் அவரையே ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரிக்கக் கூடாது. நாக்கில் பதிந்த ருசி சொல்லில் கேட்டதைவிட நீண்ட நாள் நினைவில் நிற்கிறது.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு அட்டைப் பெட்டிகளில் விற்ற இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் தாய்மாரைக் குழப்பின. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பழைய பழக்கத்தில் கேட்டு வாங்குவார்கள். சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்பதைச் சொல்லிவையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. தாயிடம் மில்லிக் கணக்கைப் பேசாமல், கால் டம்ளர், அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று அவர் கையில் இருக்கும் டம்ளரிலேயே காட்டுங்கள். பால் புட்டியில் வேண்டாம். கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஊட்டட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்பைவிட மெதுவாக மறுபடி தொடங்கட்டும். ‘குடுத்தா வாந்தி எடுக்குது, அதான் நிறுத்திட்டேன்’ என்பது நான் அதிகம் கேட்ட வாசகங்களில் ஒன்று. ஆகவே வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடாமல், குழைந்த சாதம், இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் என்று வழக்கமாகச் சாப்பிடுவதைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம்.

ஓ.ஆர்.எஸ். பெரிய அளவில் தன் பலனைக் காட்டியதே நோயாளிகளின் வீட்டார் கையில்தான். 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த கரைசலைப் பெரிய பாத்திரங்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு ஊட்டச் செய்தார். பயிற்சி இல்லாதவர்கள் ஊட்டிய அந்தக் கரைசல்தான் சாவைப் பெருமளவு குறைத்தது. ‘படிக்காதவங்களுக்கு என்ன சொல்லிப் புரியவைக்க முடியும்’ என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு அந்த முகாம்தான் நினைவுக்கு வரும்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும்: 2 மாதம் முதல் 6 மாதம் வரை நாளுக்கு 10 மில்லிகிராம், 6 மாதத்துக்கு மேல் 5 வயது வரை 20 மில்லிகிராம். பேதி மூன்றாம் நாள் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை மாட்டி, தாள் கிழிக்கும்போது ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது காய்ச்சல். இங்கே ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. பாரசிட்டமால் டிராப்ஸ் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை. அது டிராப்ஸில் ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. ‘போன தடவ ஆறு எம்எல் குடுக்கச் சொன்னாங்க’ என்று டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்க் கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே வீட்டில் இருக்கும் பாட்டிலையே கொண்டுவரச் சொல்லி, அன்றைய எடைக்கு மருத்துவர் எழுதிய அளவு எதுவரை வரும் என்று மூடியிலோ சிரிஞ்சிலோ பேனாவால் கோடு போட்டு, அந்த அளவைத் தேதியோடு எழுதிப் பாட்டில் மேலேயே ஒட்டிவிடுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளில் 4 முறைக்கு மேல் இல்லை. ஆஸ்பிரின் கூடாது, ஐபுபுரூஃபன் மருத்துவர் சொல்லாமல் கூடாது, குறிப்பாகக் கடலூரில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டெங்கு தலைகாட்டும் மாதங்களில். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்: அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசதி தெரிந்தால் உடனே வரச் சொல்லுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பது பயனற்றது; பல்லுக்கிடையில் கரண்டி செருகுவதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் மூச்சை அடைத்துவிடும். வலிப்பு நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108. இதைப் பொம்மையையோ தலையணையையோ வைத்து ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, கை பழகியதைத்தான் செய்யும்.

சளிக்கும் நிமோனியாவுக்கும் வேறுபாடு சத்தத்தில் அல்ல, மூச்சின் வேகத்தில் இருக்கிறது. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதைத் தாயோடு சேர்ந்து எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. எண்ணுவது சிரமம் என்பவருக்கு விலாவுக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது குழி விழுவதைக் காட்டுங்கள். வார்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், அதன் தாயிடம் கேட்டுக்கொண்டு அழைத்துப்போய்க் காட்டலாம். நெஞ்சில் கற்பூரம் குழைத்த எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை வைப்பதைத் தடுக்காதீர்கள். நீராகாரமும் சாப்பாடும் குறையாமல் பார்த்துக்கொள்ளவும், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மற்ற குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்கவும் மட்டும் சொல்லுங்கள்.

எந்த நோயானாலும் நான்கு அடையாளங்களைத் தாயும் ஆயாவும் பார்க்காமல் சொல்ல வேண்டும்: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, எதைக் கொடுத்தாலும் அத்தனையும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் முழிக்காத அசதி. இதில் ஒன்று தெரிந்தாலும், நடுச்சாமம் ஆனாலும் கிளம்பி வர வேண்டும்.

கடைசியாக, கேஸ் ஷீட்டில் ‘தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘தாய் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் காட்டினார், இரண்டாம் முறை சரி. சிரப் அளவு சரி. அபாய அடையாளங்களில் மூன்று சொன்னார், வலிப்பை விட்டுவிட்டார்’ என்று எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வரும் சிஸ்டர் அந்த நான்காவதிலிருந்து தொடங்கிக்கொள்வார்.