டாக்டரிடம் தனியாகப் பேச: லண்டனுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு

வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் டாக்டரிடம் சொல்லி உதவி பெறலாம். அதற்கு, வந்த வாரமே பக்கத்து ஜிபியில் (குடும்ப டாக்டர் கிளினிக்கில்) பதிந்துவிடுங்கள். காசு கிடையாது. விசாத் தாள், முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக்கூடாது என்பதுதான் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) விதி. பாஸ்போர்ட் கணவர் கையில் இருந்தாலும் நீங்களே போய்ப் பதியலாம்.

அப்புறம் மொழி. அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது" என்று சொல்லுங்கள். அதுவும் இலவசம். இன்டர்பிரட்டர் நேரில் வராமல் போன் வழியாகவே பேசட்டும் என்று கேளுங்கள். தமிழர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட்ஹாம் பக்கத்துக் கோயிலில் பார்த்த முகமாக இருக்குமோ என்ற பயம் குறையும். கணவரையோ மாமியாரையோ மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி வீங்கிய மணிக்கட்டோடு போனாள். டாக்டர் அவளைத்தான் கேட்டார். "பாத்ரூமில் வழுக்கிட்டா" என்று கணவர் பதில் சொன்னார். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாளாம். வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். கணவரை வெளியே உட்காரச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பிறகு கர்ப்பகாலச் செக்கப்பில் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. யாரும் கேட்காவிட்டால் நீங்களே "தனியாகப் பேசணும்" என்று கேளுங்கள்.

கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் தெரியாவிட்டாலும் உடனே ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போங்கள். குரல் கம்மினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், தலை சுற்றினால் தாமதிக்கவே கூடாது. உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் நெரிப்பது தனிக் குற்றம்.

டாக்டரிடம் சொன்னது ஃபைலில் ஏறட்டும். பின்னால் சட்ட உதவி கேட்கும்போது அதுவே சாட்சி. அதற்கான கடிதத்துக்கு ஜிபி பணம் வாங்கக்கூடாது என்று 2021 குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் போனைக் கணவர் பார்ப்பவரென்றால், என்.எச்.எஸ். ஆப்பில் அந்தக் குறிப்பு தெரியாதபடி மறைக்கச் சொல்லுங்கள்.

"விசாவைப் பிடுங்கிவிடுவேன்" என்ற மிரட்டலுக்கு அஞ்சி அடியைப் பொறுக்காதீர்கள். பார்ட்னர் விசாவில் வந்தவர்கள் வன்முறையால் பிரிந்தபின் இங்கே தங்க 3 மாத அனுமதி கேட்க வழியுண்டு. விண்ணப்பிக்குமுன் வக்கீலிடம் பேசுங்கள்.

குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம். உயிராபத்து என்றால் 999. வாய் திறக்க முடியாவிட்டால், மொபைலிலிருந்து 999 அழைத்து, அங்கே கேட்கும்போது 55 அழுத்துங்கள். எண்களைப் போனில் சேமிக்காமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.