எதற்காக ஓட்டுப் போடுகிறோம்? ஒன்பது துண்டுத் துணியில் ஒரு பதாகை செய்வோம்

தேர்தல் நெருங்கினால் "வாக்களிப்பது நம் கடமை" என்ற வாசகம் எங்கு பார்த்தாலும் கண்ணில் படும். யாரும் அதை மறுப்பதில்லை. ஆனால் "எதற்காகப் போடுகிறீர்கள்?" என்று ஒருவரை நிறுத்திக் கேட்டால், பெரும்பாலும் பதில் தடுமாறும். கடமை என்ற சொல் அவ்வளவு பெரிதாக இருப்பதால், அதற்குள் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் பேருந்தும் இருப்பது தெரியாமல் போகிறது.

இந்தச் செய்முறை அந்தப் பதிலைக் கையால் செய்து பார்ப்பதற்கானது. ஒன்பது பேர் ஆளுக்கொரு சதுரத் துணியில் தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொதுப் பொருளை அச்சிடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் பதாகை தயார். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. நேராக ஒரு தையல் போடத் தெரிந்தால் போதும்.

துணிக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவு

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டனில் போராட்டம் நடந்த காலத்தில், 1907-ல் ஓவியர்களே சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய மேரி லவுண்ட்ஸ் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்யும் கலைஞர். தூரத்திலிருந்து பார்த்தாலும் வடிவமும் நிறமும் துலங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதே பார்வையோடு அவரும் தோழிகளும் ஊர்வலங்களுக்கான பதாகைகளை உருவாக்கினார்கள். 1908-ல் டோரா மீசன் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் வரைந்த பதாகையில், இளம்பெண் உருவில் இருக்கும் ஆஸ்திரேலியா தன் தாயான பிரிட்டனிடம், "நான் பெண்களை நம்பியது போல நீயும் நம்பு" என்று கேட்கிறாள். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான பெண்களுக்கு 1902-லேயே தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைத்திருந்தது. அந்தப் பதாகை இன்று கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்தது நியூசிலாந்து மனு. 1893-ல் அங்கே பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய கேட் ஷெப்பர்டும் தோழிகளும் நாடு முழுவதும் திரட்டிய கையெழுத்துத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட ஒரே சுருளாக்கினார்கள். 25,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். நாடாளுமன்றத்தின் நடுப்பாதையில் அந்தச் சுருளை உருட்டிவிட்டபோது அது விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் மோதி நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. கட்டாக அடுக்கி மேசையில் வைத்திருந்தாலும் எண்ணிக்கை அதேதான். ஆனால் ஒட்டி விரித்ததால்தான், எத்தனை பேர் என்பது அங்கிருந்த ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது. நம் பதாகையின் வேலையும் அதுவே: தனித்தனிக் காரணங்களை ஒன்றாக விரித்துக் காட்டுவது.

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவருக்கு

சதுரம் செய்ய ஆள் சேர்க்கும்போது இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017-ல் நடந்ததைச் சொல்லுங்கள். மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு தொகுதியின் இரண்டு வேட்பாளர்களுக்கும் சரியாக 11,608 வாக்குகள். 2018 ஜனவரியில் இருவர் பெயரையும் ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள்ளிருந்து சீட்டு எடுத்தார்கள். அந்தச் சீட்டு ஒரு உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. அவையில் 51-க்கு 49 என்று ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. சீட்டு மாறி வந்திருந்தால் 50-க்கு 50. அன்று வீட்டில் இருந்துவிட்ட யாரோ ஒருவர் போய் வந்திருந்தால் கிண்ணத்துக்கே வேலை இருந்திருக்காது.

இப்படிச் சமமாக முடிவது அரிது, உண்மைதான். ஆனால் சிறிய உள்ளாட்சித் தேர்தல்களில் வெற்றி வித்தியாசம் கைவிரலில் எண்ணும் அளவுக்கு வருவது அவ்வளவு அரிதல்ல. நம் அன்றாடத்தை அதிகம் தொடும் முடிவுகள் பல அங்கேதான் எடுக்கப்படுகின்றன. வாதம் இவ்வளவு போதும். மீதியைத் துணி சொல்லும்.

முதல் படி: பொருளைத் தேடுங்கள், பொறுப்பாளரையும் தேடுங்கள்

துணி வாங்கும் முன்பே செய்ய வேண்டியது இது. இதை அவசரமாகத் தாண்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் அலங்காரத் துணிதான்.

ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "நேற்று நீங்கள் தொட்ட, நடந்த, ஏறிய, குடித்த பொதுப் பொருள் எது?" ஜனநாயகம், வளர்ச்சி, சமத்துவம் போன்ற பெரிய சொற்கள் வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். படமாக வரையக்கூடிய பொருள் வேண்டும். தெருவிளக்கு, நடைபாதை, நூலகப் புத்தகம், மருத்துவமனைக் கட்டில், பேருந்து, சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை, குப்பைத் தொட்டி. ஒருவர் தனக்குப் பெருமை தரும் பொருளைச் சொல்லலாம்; இன்னொருவர் பழுதாகிக் கிடப்பதைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரை நேசிப்பவருக்குத்தான் அதன் உடைந்த விளக்கும் உறுத்தும்.

அடுத்த கேள்வி கடினமானது: "அந்தப் பொருளைப் பற்றி முடிவெடுப்பது எந்த அவை?" உள்ளாட்சியா, மாநிலமா, தேசிய அரசா? நாட்டுக்கு நாடு இது மாறும். ஒரு நாட்டில் பள்ளியை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழு. இன்னொரு நாட்டில் மாநில அரசு. அரசு இணையதளத்தில் பாருங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அந்த அவைக்கு அடுத்த தேர்தல் எப்போது வரவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி அறிவிக்கப்படவில்லை என்றால் ஆண்டு மட்டும் போதும். இந்தத் தகவல் துணியின் பின்பக்கத்துக்குப் போகும்.

அதே அமர்விலேயே ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடட்டும். பெயர் சேர்க்கக் கடைசி நாள் தேர்தலுக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும் நாடுகள் நிறைய உண்டு.

இரண்டாம் படி: பொருட்கள்

நடுத்தரக் கனமுள்ள வெளிர்நிறப் பருத்தித் துணி (முகப்புக்கும் பின்பக்கத்துக்கும்), துணிக்கான பெயின்ட் (அடர்நிறம் ஒன்று, வேறு இரண்டு), ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், கூரான பேனாக்கத்தி, பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சு, காகித ஒட்டுநாடா, இஸ்திரிப் பெட்டி, ஊசி நூல் அல்லது தையல் மெஷின், தொங்கவிட ஒரு கழி.

துணியை முதலில் துவைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி பெயின்ட்டை உள்ளே இறங்க விடாது. பிறகு 32 செ.மீ. சதுரங்களாக ஒன்பது வெட்டுங்கள். நான்கு ஓரத்திலும் ஒரு செ.மீ. வீதம் தையலுக்குப் போனால் முகப்பில் 30 செ.மீ. நிற்கும்.

நிறங்களை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒன்பது பேர் ஒன்பது விதமாக வரைந்தாலும், ஒரே மூன்று நிறங்கள் இருந்தால் பதாகை ஒன்றுபட்டு நிற்கும். உங்கள் நாட்டில் எந்தக் கட்சியின் கொடியையும் நினைவூட்டாத சேர்க்கையாகப் பாருங்கள்.

மூன்றாம் படி: அச்சுத்தாள் (ஸ்டென்சில்) வெட்டுதல்

பொருளின் வெளிக்கோட்டைத் தடித்த பேனாவால் காகிதத்தில் வரையுங்கள். உள்விவரம் வேண்டாம், நிழல் விழுந்தது போன்ற உருவம் போதும். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டி, கோட்டின் வழியே வெட்டுங்கள். தாளுக்கு அடியில் தடித்த அட்டை இருக்கட்டும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். சிறு பிள்ளைகள் வரையட்டும், வெட்டும் வேலை பெரியவர்களுடையது.

எழுத்து வெட்டும்போது தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ட, ப போன்றவை திறந்த எழுத்துகள், அப்படியே வெட்டலாம். வ, க, ம போன்றவற்றில் மூடிய சுழி இருக்கிறது. சுற்றிலும் வெட்டினால் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும், அச்சில் வெறும் திட்டு வரும். அதைத் தவிர்க்க, நடுப்பகுதியையும் வெளித்தாளையும் இணைக்கும் குறுகிய பட்டை ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். பாலம் மாதிரி. அரை செ.மீ. அகலம் இருந்தால் கிழியாது. அச்சில் அந்த இடத்தில் சிறு வெள்ளைக் கோடு விழும், அது அழகாகவே இருக்கும். புள்ளிகளுக்குக் கவலையே இல்லை, வெறும் துளைதான்.

நடுச் சதுரத்தில் ஒரு சொல் வைக்க நினைத்தால், "வாக்கு" என்பதைவிட "ஓட்டு" என்று வெட்டுவது தொடக்கக்காரருக்கு எளிது. ஓகாரத்தின் சுழிகளுக்கும், நீங்கள் எழுதும் 'டு' மூடிய சுழியாக வந்தால் அதற்கும் பாலம் கொடுத்தால் போதும். எழுத்து குறைந்தது 8 செ.மீ. உயரம் இருக்கட்டும், மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை செ.மீ. என்பது பெயர்ப்பலகைகளுக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. ஏறக்குறைய பத்து மீட்டர் தள்ளி நிற்பவரும் படிப்பார்.

நான்காம் படி: அச்சிடுதல்

துணியின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, அச்சுத்தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அழுத்தி ஒட்டுங்கள். பஞ்சை பெயின்ட்டில் தொட்டு, முதலில் வேறொரு காகிதத்தில் பல முறை ஒற்றியெடுங்கள். கிட்டத்தட்ட உலர்ந்துவிட்டதோ என்று தோன்றும்போதுதான் துணிக்குப் போக வேண்டும். இதுதான் இந்த வேலையின் உயிர். பெயின்ட் அதிகமானால் தாளுக்கு அடியில் கசிந்து ஓரம் கலங்கிவிடும். தேய்க்கக் கூடாது, நேர் மேலிருந்து ஒற்ற வேண்டும். நிறம் மங்கலாகத் தெரிந்தால் சற்று உலர விட்டு இரண்டாம் முறை ஒற்றலாம். முதலில் வீணான துணியில் ஒரு தடவை பழகிக்கொள்வது நல்லது.

தாளை நேராக மேலே தூக்கி எடுங்கள். ஒரு நாள் உலரட்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து, நீராவி இல்லாமல், பெயின்ட் புட்டியில் சொல்லியிருக்கும் சூட்டிலும் நேரத்திலும் இஸ்திரி போடுங்கள். நிறம் நிலைக்க இது அவசியம்.

ஐந்தாம் படி: தைத்தல்

ஒன்பதையும் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பாருங்கள். அடர்த்தியான படங்கள் ஒரே மூலையில் கூடாமல் இருந்தால் நன்று. மும்மூன்றாகச் சேர்த்து முதலில் மூன்று வரிசைகளைத் தையுங்கள். வரிசைகளை இணைக்கும் முன், பின்புறத் தையல் ஓரங்களை அடுத்தடுத்த வரிசையில் எதிரெதிர்ப் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டுவிட்டால் மூலைகள் சரியாகக் கூடும். மெஷின் இல்லையென்றால் ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிப் போடும் நெருக்கமான கைத்தையல் போதும்.

பின்பக்கத் துணி வைத்து மூடும் முன், கழி நுழைய 12 செ.மீ. அகலமும் 92 செ.மீ. நீளமும் உள்ள பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து மேல் ஓரத்தில் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பட்டையின் இரு முனைகளையும் முன்கூட்டியே மடித்துத் தைத்து, திறந்தே விடுங்கள்.

இப்போது பின்பக்கத் துணியைச் சேர்த்துத் தைத்துவிட்டு, அதன்மேல் எழுதுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் நேர் பின்னால், அழியாத மையில் இரண்டே வரி: பொறுப்பான அவையின் பெயர், அடுத்த தேர்தல் ஆண்டு. பதாகையைத் திருப்பிப் பார்ப்பவர் முதலில் கேட்பது, "நடைபாதை இவர்கள் பொறுப்பா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பேச்சு தானாக நடக்கும்.

யார் யாருக்குச் சதுரம்?

ஓட்டுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். வயது வராத பிள்ளைகளும், குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு சதுரங்களையாவது அவர்களுக்கு ஒதுக்குவேன். ஓட்டுப் போட முடிந்தவர் யார் யாருக்காகவெல்லாம் சேர்த்துப் போடுகிறார் என்பது அப்போது கண்முன் இருக்கும்.

தொங்கவிடும் முன்

கட்சிச் சின்னம், வேட்பாளர் பெயர், அவர்களைக் கிண்டல் செய்யும் படம் எதுவும் வேண்டாம். இது எல்லோரும் பின்னால் நிற்கக்கூடிய பதாகையாக இருக்க வேண்டும். வாக்குச்சாவடியை ஒட்டி எந்த வாசகமும் வைக்கக் கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. தூரக் கணக்கு அந்தந்த நாட்டுத் தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். நூலகம், சமூகக்கூடம், பள்ளி போன்ற இடங்களில் அனுமதி வாங்கித் தொங்கவிடுங்கள். படமெடுத்துப் பகிர்வதும் நல்லதே, ஆனால் குறித்த வாக்குச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டாம். பல இடங்களில் அது குற்றம்.

தேர்தல் முடிந்ததும் கழியை உருவி, அட்டைக் குழாயில் அச்சிட்ட முகம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி வையுங்கள். மடித்தால் பெயின்ட் மடிப்பில் விரிசல் விடும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த வாரமே விரித்து, பின்பக்க ஆண்டுகளைத் திருத்துங்கள். சரியாகிவிட்ட பொருள் ஏதாவது இருந்தால் அந்தச் சதுரத்தைப் பிரித்து, அதைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். காலியான இடத்துக்கு, அந்த ஆண்டு முதல்முறையாக ஓட்டுப் போடப்போகும் ஒருவரைக் கூப்பிடுங்கள்.