காலையில் பிரமிடு, பிற்பகலில் கிணறு: சிங்கப்பூரிலிருந்து சிச்சென் இட்சா போவோருக்கு

மெக்சிகோவில் உள்ள மாயன் தொல்லியல் தளமான சிச்சென் இட்சாவில் காலை 8 மணிக்கு வாசல் திறக்கும். கான்கூன் கடற்கரை ஹோட்டல்களிலிருந்து கிளம்பும் பெரிய பேருந்துகள் 11 மணிவாக்கில் வரிசையாக வந்து நிற்கும். இடையில் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உயிர். அதற்குள் மாயன் கட்டடங்களைப் பார்த்து முடித்து, வெயில் உச்சிக்கு ஏறும்போது செனோத்தே எனப்படும் இயற்கைக் கிணற்றில் இறங்கிவிட வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் அதே காசுக்குக் கூட்டமும் வெயிலும்தான் மிஞ்சும். அதனால் எந்தச் சுற்றுலாவுக்கும் பணம் கட்டுமுன், விலையைக் கேட்பதற்கும் முன்பாக, "முதலில் எங்கே போகிறோம்? எத்தனை மணிக்கு வாசலில் இருப்போம்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

கடப்பிதழும் வழியும்

சாங்கியிலிருந்து மெக்சிகோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ போனால் வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் அறை வரை ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மெக்சிகோவில் விசா வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறினாலே, ஊருக்குள் போகாவிட்டாலும், எஸ்டா எனப்படும் அந்நாட்டு மின்-பயண அனுமதி எடுத்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு; 2025 செப்டம்பர் இறுதியில் அது 40 அமெரிக்க டாலராக உயர்ந்தது. கனடா வழி என்றால் அந்நாட்டின் மின்-அனுமதி தேவை.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதி மெக்சிகோ விசாவுக்கு விலக்கு தராது. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ், ஜப்பானிய அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் மெக்சிகோ விசா வேண்டாம். எதுவும் இல்லையென்றால் சிங்கப்பூரில் உள்ள மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சிவப்புக் கடப்பிதழ், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நீலக் கடப்பிதழ் என்று கலந்திருக்கும் குடும்பங்கள், அதிக விசா தேவைப்படுபவரை வைத்தே விமான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலிவான சீட்டை முதலில் வாங்கிவிட்டு விசாவைப் பிறகு யோசிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பள்ளி விடுமுறையில் போவதானால் ஜூனைவிட ஆண்டிறுதி விடுமுறை நல்லது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் முடிய அட்லாண்டிக் சூறாவளிப் பருவம். ஜூனில் புழுக்கமும் கொசுவும் நம் ஊருக்குச் சளைத்தவை அல்ல. கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய வாரத்தைத் தவிர்த்தால் விலையும் கூட்டமும் குறையும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று மெக்சிகோ குடிமக்களுக்குத் தொல்லியல் தளங்களில் கட்டணச் சலுகை உண்டு, கூட்டம் அலைமோதும். மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய சம இரவு நாள்களில் பிரமிடின் படிக்கட்டு ஓரம் நிழல் பாம்புபோல் இறங்குவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரளும். அந்த நிழலுக்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் வேறு நாள் பார்க்கலாம்.

இரண்டு கடிகாரங்கள்

கான்கூன் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியது. அங்கே பிற்பகல் 2 மணி என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை 3 மணி. ஆழமான தண்ணீரில் இறங்கும் நேரமும் சரியாக அதுவே. எனவே வந்திறங்கிய மறுநாளே சுற்றுலா வைத்துக்கொள்ளாதீர்கள்; மூன்றாம் நாள் வையுங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. கடற்கரை ஊர்களான கான்கூனும் துலுமும் இருப்பது கிந்தானா ரோ மாநிலத்தில். சிச்சென் இட்சா இருப்பது யுகத்தான் மாநிலத்தில். ஆண்டு முழுவதும் யுகத்தான் ஒரு மணி நேரம் பின்னால். கான்கூனிலிருந்து தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரப் பயணம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் அங்குள்ள கடிகாரப்படி 7.30க்கே வாசலில் நிற்கலாம். போகும்போது கிடைத்த மணியைத் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். "12.15க்குப் பேருந்துக்கு வாருங்கள்" என்று வழிகாட்டி சொன்னால் எந்த ஊர் 12.15 என்று கேட்டு, அவர் கடிகாரத்தோடு உங்கள் கடிகாரத்தை ஒத்துப் பாருங்கள். கைப்பேசி தானாக மாறும் என்று நம்பி இருந்தால் பேருந்தைத் தவறவிட நேரலாம்.

முந்தைய இரவு வயதோலித் நகரில் தங்குவது இன்னும் மேல். அங்கிருந்து சிச்சென் இட்சா 45 கிலோமீட்டர்தான். குழந்தைகளை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டாம். நல்ல செனோத்தேக்களும் அந்த ஊரைச் சுற்றியே உள்ளன. கான்கூனிலிருந்து ஆடோ நிறுவனப் பேருந்துகள் அங்கே போகின்றன.

எந்தச் சுற்றுலா

பெரிய பேருந்துச் சுற்றுலா மலிவு. ஆனால் ஏழெட்டு ஹோட்டல்களில் ஆள் ஏற்றி, வழியில் கைவினைக் கடையில் நிறுத்தி, 11 மணிக்கு மேல்தான் சேர்க்கும். பத்துப் பன்னிரண்டு பேர் போகும் சிறு வேன் கூடுதல் விலை; கூடுதல் நேரம் தரும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் தனி வண்டியும் வழிகாட்டியும் அமர்த்தினால் தலைக்கு விழும் செலவு வேன் விலைக்கு அருகில் வந்துவிடும்; கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விளம்பர விலையில் ஏமாறுவது நுழைவுக் கட்டணத்தில்தான். சிச்சென் இட்சாவில் மத்திய அரசுக்கு ஒரு சீட்டு, மாநிலத்துக்கு ஒரு சீட்டு என இரண்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பேசோவைத் தாண்டும், கிட்டத்தட்ட 50 வெள்ளி. பல சுற்றுலாக்கள் இதை விலையில் சேர்க்காமல் காலையில் பேருந்துக்குள் ரொக்கமாகக் கேட்கும். செனோத்தே கட்டணம், உயிர்காப்பு அங்கி வாடகை, மதிய உணவுக்கான பானம் ஆகியவற்றையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தளத்தில் எத்தனை நிமிடம் என்பதையும் கேளுங்கள். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்தால் போகாதீர்கள்.

பேசோவுக்கும் டாலர் குறியையே போடுவார்கள். 300 என்று அந்தக் குறியோடு பலகையில் கண்டு பதற வேண்டாம். அது 20 வெள்ளிச் சொச்சம். ஏடிஎம் இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், ஒப்புக்கொண்டால் மோசமான விகிதம் போடும். வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தும் வசதியைச் சிங்கப்பூரிலேயே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். பெட்டக வாடகை, கழிவறை, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு எல்லாவற்றுக்கும் சில்லறைத் தாள்கள் வேண்டும்.

தளத்தில்

வாசல் திறந்ததும் குக்குல்கான் பிரமிடுக்குப் போங்கள். ஆளில்லாத படம் வேண்டுமென்றால் முதல் இருபது நிமிடத்தில்தான் கிடைக்கும். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சியில் ஒரு மேடை, ஆகமொத்தம் 365. ஏறுவதற்கு அனுமதி இல்லை, கயிறு கட்டியிருக்கும். வடக்குப் படிக்கட்டுக்கு நேர் எதிரே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஒவ்வொரு படியும் ஒலியைச் சற்றுப் பிந்திப் பிந்தித் திருப்புவதால் எதிரொலி பறவை கீச்சிடுவதுபோல் இறங்கி வரும். கெட்சால் பறவையின் குரல் என்பார்கள். கூட்டம் வந்தபின் எல்லாரும் தட்டுவதால் எதுவும் கேட்காது. இதற்காகவே சீக்கிரம் வரலாம்.

அடுத்தது பந்தாட்டத் திடல். 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், மெசோ அமெரிக்கா எனப்படும் பண்டைய மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலேயே பெரியது. சுவரில் உயரத்தில் பதித்த கல் வளையத்தைப் பார்த்துவிட்டு, கீழே சுவரடியில் உள்ள செதுக்கல்களுக்கு நேரம் கொடுங்கள். தலை இழந்த வீரனின் கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பாய்வதை வழிகாட்டி காட்டாவிட்டால் கேட்டுப் பாருங்கள். பிறகு வடக்கே 300 மீட்டர் போல நடந்தால் புனித செனோத்தே. இது பார்க்க மட்டுமே; சாக் என்னும் மழைத் தெய்வத்துக்குப் பொன்னும் பச்சைக்கல்லும் மனிதரும் காணிக்கையாகப் போன இடம். கடைசியாகத் தெற்குப் பகுதியில் வட்டக் கோபுரம் கொண்ட வானாய்வகம். குழுக்கள் நேரமில்லை என்று விட்டுவிடும் பகுதி அதுதான். வழிகாட்டியின் விளக்கம் முடிந்ததும் நீங்களாகப் போய்வாருங்கள்.

பிரமிடைச் சுற்றிப் பரந்த புல்வெளி. ஒதுங்க ஐந்தடிப் பாதை இல்லை. தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரோனுக்குத் தடை. முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும், கொண்டுவராதீர்கள். பாதை நெடுகக் கடைகள். வாங்க எண்ணம் இருந்தால் திரும்பும்போது பேரம் பேசுங்கள். ஜாகுவார் சிறுத்தைபோல் உறுமும் ஊதலைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தால் திரும்பும் வழி முழுக்கப் பேருந்தே காடாகிவிடும், எச்சரிக்கை.

கிணற்றில் இறங்குமுன்

யுகத்தானின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் மழையை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் பூமிக்கடியில் ஓடுகிறது. குகையின் கூரை இடிந்த இடம் செனோத்தே. நம் ஊர்க் கமலைக் கிணறுபோலப் படிக்கட்டு இறங்கும். ஆனால் ஓரத்தில் கால் ஊன்ற இடம் இருக்காது. இக் கில் என்னும் செனோத்தே தரைமட்டத்துக்கு 26 மீட்டர் கீழே இருக்கிறது, தண்ணீர் ஆழம் 40 மீட்டர் வரை. ஆழமில்லாத மூலை என்று ஒன்று இல்லை. சிங்கப்பூர் நீச்சல் வளாகத்தில் 1.2 மீட்டர் பக்கம் மட்டும் நீந்திப் பழகியவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஆழமான குளத்தில் எதையும் பிடிக்காமல் நின்றவாக்கில் மிதந்து பழகுங்கள்.

இக் கில் சிச்சென் இட்சாவிலிருந்து சில நிமிடத் தூரம், கொடிகள் தொங்கும் அழகான இடம், நண்பகலில் நெரிசல். குகைக்குள் நீந்த ஆசையென்றால் வயதோலித் அருகே அடுத்தடுத்து உள்ள சமுலாவும் ஷ்கெக்கெனும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகளுக்குத் திறந்தவெளிக் கிணறே சரி. சுயித்தூன் என்னும் செனோத்தே பெரும்பாலும் படம் எடுக்க வரிசையில் நிற்கும் இடம். வயதோலித் ஊர் நடுவிலேயே ஒன்று இருக்கிறது, பெயர் சசீ. நம் வீட்டுப் பெயர்போல் இருக்கிறது அல்லவா!

இறங்குமுன் குளித்தாக வேண்டும். வெயில் பூச்சு, கொசு மருந்து, தலை எண்ணெய் எதுவும் உடலில் இருக்கக்கூடாது. இது ஊர்மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரோடு தொடர்புள்ள தண்ணீர். படலம் படிந்தால் கடல்போல் அலை வந்து அடித்துப்போகாது. "பவளப்பாறைக்குத் தீங்கில்லாதது" என்று புட்டியில் எழுதியிருந்தாலும் அனுமதி இல்லை. ஆகவே காலையில் பூச்சுக்குப் பதில் நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் அணிந்தால் பிற்பகலில் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம்.

நீச்சலுடையை உள்ளே அணிந்தே கிளம்புங்கள். உடை மாற்றும் அறையில் வரிசை நீளும். உடல் மூடிய நீச்சலுடைக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பருத்திச் சட்டையும் துப்பட்டாவும் தண்ணீரில் கனத்து இழுக்கும், வேண்டாம். தண்ணீர் 24, 25 டிகிரிதான். குளிரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். 40 மீட்டர் ஆழத்தில் தேட முடியாது. சங்கிலி, தாலிக்கொடியை ஹோட்டல் பெட்டகத்தில் வைக்க மனம் ஒப்பவில்லையென்றால், உயிர்காப்பு அங்கிக்குள் சட்டையோடு ஊசிகுத்தி அடக்கிவிடுங்கள். கொக்கியில் மாட்டி அறுவது அதிகம்.

உயிர்காப்பு அங்கி நன்றாக நீந்துவோருக்கும் பல இடங்களில் கட்டாயம். பிள்ளைகளுக்கு அளவு சரியா என்று பார்க்கும் முறை: அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதைத் தாண்டி ஏறினால் பெரிது, மாற்றுங்கள். இறங்கும்போது ஏணியைப் பயன்படுத்தி, அதைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் இருந்து மூச்சு நிதானப்பட்டபின் நடுவே போங்கள். திடீர்க் குளிர் மூச்சை இழுக்க வைக்கும். அப்போது வாயில் தண்ணீர் போனால்தான் பதற்றம் வரும். ஈரச் சுண்ணாம்புப் படி பாசிபோல் வழுக்கும். பிடிமானமுள்ள தண்ணீர்க் காலணி வாங்கிப் போங்கள், ரப்பர் செருப்பு போதாது.

சாப்பாடு

பெரும்பாலும் செனோத்தே வளாகத்திலேயே பஃபே. நீந்திவிட்டுச் சாப்பிடுவது நல்லது. அட்டவணை வேறுமாதிரி இருந்தால் அரைவயிறு போதும். கொச்சினீத்தா பிபில் பன்றி இறைச்சி. போயோ பிபில் கோழி. இரண்டும் வாழை இலையில் பொதிந்து வேகவைத்தவை, பார்க்க ஒன்றுபோலிருக்கும். சைவர்கள் கவனிக்க வேண்டியது பருப்புபோல் மசித்த கறுப்பு அவரை. அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். "சின் கார்னே, சின் மன்தேகா" என்று சொல்லிக் கேளுங்கள்; ஸ்பானிய மொழியில் இறைச்சி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல் என்று பொருள். ஹலால் சமையலை எதிர்பார்க்க வேண்டாம்; முஸ்லிம் நண்பர்கள் முட்டை, சோள ரொட்டி, பழம் என்று திட்டமிடலாம். மேசையில் உள்ள பச்சை அல்லது ஆரஞ்சு நிறச் சட்டினி ஹபனேரோ மிளகாயாக இருக்கலாம். சில்லி பாடி தின்று வளர்ந்தவர்களும் கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டே ஊற்றவும். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும், பேருந்தின் குளிர்சாதனத்துக்கு ஒரு மேல்சட்டையும் கையோடு இருக்கட்டும். திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் போய்விடுவதால் கான்கூன் ஹோட்டல் வாசலில் இறங்க இரவு 7, 8 மணி ஆகும். அன்றிரவுக்கு வேறெந்த ஏற்பாடும் செய்யாதீர்கள்.