லிப்போசோமில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ்: சோதனைச் செய்முறை

குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நீரில் திரியும் நொதி. அது வெட்டவேண்டிய குளுக்கோசில்செராமைடோ சவ்வுக்குள் புதைந்து, சர்க்கரைத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லின் செரிமான அறையான லைசோசோமில் இருவரையும் சேர்த்துவைப்பவை சப்போசின்-சி என்ற சிறு புரதமும், சவ்விலுள்ள எதிர்மின் லிப்பிடுகளும். டாரோகோலேட் என்ற பித்த உப்பைக் கலந்து செய்யும் வழக்கமான சோதனை, இந்நொதி குறைவதால் வரும் பரம்பரை நோயான கோஷே நோயைக் கண்டறிய உதவும். ஆனால் அதில் சவ்வே இல்லை. சவ்வின் பங்கு தெரியவேண்டுமானால் லிப்போசோம், அதாவது லிப்பிடுகளால் செய்த நுண் சவ்வுக் குமிழ்தான் வழி.

1 மில்லி லிப்போசோமுக்கு டிஓபிசி (நிகர மின்னூட்டமற்ற லிப்பிடு) 650, டிஓபிஎஸ் (எதிர்மின் லிப்பிடு) 200, கொலஸ்ட்ரால் 100, என்பிடி என்ற ஒளிரும் சாயத்தை 12 கார்பன் சங்கிலியில் ஏந்திய சி12-என்பிடி-குளுக்கோசில்செராமைடு 50 நானோமோல். சி6 வகையை வாங்காதீர்கள். குட்டைச் சங்கிலி சவ்வைவிட்டு எளிதில் நழுவிவிடும். குளோரோஃபார்மில் கலந்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, 2 மணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். பிஎச் 5.0 உள்ள 50 மில்லிமோலார் சிட்ரேட் பஃபரை ஊற்றி, 5 முறை உறையவைத்து உருக்கி, 100 நானோமீட்டர் வடிகட்டியில் 21 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு: கடைசித் தள்ளலில் கரைசல் மறு சிரிஞ்சில் முடியும், வடிகட்டியைக் கடக்காத கசடு முதல் சிரிஞ்சிலேயே தங்கும். என்பிடி வெளிச்சத்தில் மங்கும். குழாயை அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

100 மைக்ரோலிட்டர் கலவையில் லிப்போசோம் 20 மைக்ரோலிட்டர், சப்போசின்-சி 2 மைக்ரோமோலார். 10 நிமிடம் கழித்து நொதி, 37 டிகிரி. 5, 10, 20, 30ஆவது நிமிடங்களில் நிறுத்தத் தனித்தனிக் குழாய்கள் வேண்டும். 2:1 குளோரோஃபார்ம்-மெத்தனால் 400 மைக்ரோலிட்டர் ஊற்றினால் வினை நிற்கும். அடி அடுக்கை உலர்த்தி, சிலிக்கா தட்டில் குளோரோஃபார்ம்-மெத்தனால்-நீர் 65:25:4 கலவையில் ஓடவிடுங்கள். சர்க்கரையை இழந்த செராமைடு மேலே ஏறும்.

வினை பாதியில் நின்றால் நொதியைப் பழிக்கவேண்டாம். குளுக்கோசில்செராமைடில் ஏறத்தாழ பாதி உள் அடுக்கில் இருக்கிறது, தானாகப் புரண்டு வெளியே வருவது மிக மெதுவாகவே நடக்கும். உறுதிசெய்ய, லிப்போசோமைப் பிஎச் 7.4 பஃபரில் நீர்த்து, என்பிடியின் ஒளியை அணைக்கும் டைதயோனைட்டைப் புதிதாகக் கரைத்துச் சேருங்கள். வெளி அடுக்கின் ஒளி மட்டும் அணையும். பாதிக்கும் வெகுவாகக் குறைவாக அணைந்தால் பல அடுக்கு லிப்போசோம்கள் தங்கிவிட்டன என்று பொருள். முழுதும் அணைந்தால் சவ்வு ஒழுகுகிறது.

டிஓபிஎஸ் இல்லாத தொகுதி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் வேகம் குறையவில்லையென்றால், எங்கோ டிடர்ஜென்ட் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நொதிக் குப்பியில் வரும் ட்ரைட்டானே போதும். இன்னொரு தொல்லை: அமிலத்தில் சப்போசின்-சி, டிஓபிஎஸ் லிப்போசோம்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும். வினை முடிந்தபின் ஒளிச்சிதறல் கருவியில் அளவைப் பாருங்கள். 100 நானோமீட்டர் பல மடங்காகியிருந்தால் புரதத்தைக் குறையுங்கள்.