தில்லிப் பிள்ளைகளின் தமிழ்ப் பேச்சு: தாளில் தொடங்கும் தவறுகள்

பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் தில்லியில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, பிள்ளை இந்தி எழுத்தில் எழுதிக்கொள்ளும். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க மேடையோ பள்ளி மேடையோ, அங்கே கேட்கும் பிழைகள் பல அந்தத் தாளில் பிறந்தவை.

இந்தியில் ல, ள, ழ மூன்றையும் பெரும்பாலும் ஒரே எழுத்தால்தான் எழுதுவார்கள். ர, ற வேறுபாடும் போய்விடும். "பள்ளி" பல்லியாகும், "மழை" மலையாகும். பிறகு எத்தனை முறை திருத்தினாலும் கண் படித்ததையே வாய் சொல்லும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தாளே வேண்டாம். உச்சரிப்பு சுத்தமாக உள்ளவரைப் பேசச் சொல்லி போனில் பதிந்து, ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். நாக்கின் இடத்தையும் காட்டிக்கொடுங்கள். ல: நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொடும். ள: நாக்கு உள்வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ: அதேபோல் வளையும், தொடாது. தொட்டால் அது ள. வாலை, வாளை, வாழை என்று தினம் ஐந்து நிமிடம் சொன்னால் நாக்கு பழகும்.

அடுத்த தவறு, வாக்கிய முடிவை விழுங்குவது. தமிழில் வினை கடைசியில் வரும். "ஏற்றார்", "ஏற்கவில்லை" என்ற அந்த ஒரு சொல்லில்தான் பொருளே இருக்கிறது. நீண்ட வாக்கியத்தில் மூச்சு தீர்வதும் அங்கேதான். எட்டுப் பத்துச் சொல்லில் வாக்கியத்தை முடியுங்கள். நீண்டால் "என்று", "ஆனால்" வரும் இடத்தில் மூச்சு வாங்கட்டும். தோள் தூக்காமல், வயிறு விரிய.

மூன்று நிமிடத்துக்கு 250 சொல் தாராளம். 400 சொல்லை அடைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும். அவை வணக்கம் 15 விநாடியைத் தாண்ட வேண்டாம். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் பேச்சே நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி வாக்கியம் மட்டும் மனப்பாடம், நடுவில் நான்கு கருத்து போதும். சொல்லுக்குச் சொல் கையசைக்கப் பழக்குவதை விட்டுவிடுங்கள். அது பேச்சைக் கெடுக்கிறது.

மைக்கைத் தட்டவோ ஊதவோ வேண்டாம். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருந்தால் "ப" வெடிக்காது. தில்லிக் குளிரில் தொண்டை வறளும். கனைக்காமல், மேடையேறும் முன் இரண்டு மிடறு வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கட்டும்.