துப்பாக்கியைக் காரில் வைத்து மாநிலம் தாண்டுவது எப்படி? அமெரிக்காவில் புதிதாகச் சுடப் பழகுபவர்களுக்கு

போட்டிக்கோ பயிற்சிக்கோ பக்கத்து மாநிலத்துக்குக் காரில் கிளம்புகிறவர்களுக்கான செய்முறை இது. துப்பாக்கி வாங்குவது, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிளம்பும் முன் விசாவைப் பாருங்கள்

எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை எதுவும் இல்லையென்றால் நண்பரின் துப்பாக்கிப் பெட்டியை உதவிக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. வேலை, விசா, குடும்பம் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும் விஷயம். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

1. வழியில் எந்தெந்த மாநிலம் வருகிறது?

ஓஹியோவிலிருந்து வெர்மான்ட் போவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நியூயார்க் வழியாகத்தான் போவோம். அங்கே உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். இப்படிப்பட்ட பயணத்துக்குத் துணை நிற்பது 1986-இல் வந்த மத்திய சட்டம். புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். அப்படி இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களை நிபந்தனைகளோடு கடக்கலாம். நியூயார்க்கிலேயே ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சட்டம் உதவாது.

மேகசினையும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) மறக்க வேண்டாம். மத்திய சட்டத்தின் அந்தப் பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் பற்றித்தான் பேசுகிறது. மேகசின் என்ற பேச்சே அதில் இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை. கொலராடோவில் வரம்பு 15. வழியில் இப்படி ஒரு மாநிலம் வந்தால் பெரிய மேகசினை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் (நுனியில் குழி உள்ள) தோட்டாவுக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

2. காலி செய்யுங்கள்

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். சேம்பருக்குள் (சுடும் முன் தோட்டா உட்காரும் அறை) வெளிச்சம் படும்படி பிடித்துப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். அப்புறம், துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டை மேலே உள்ள திறப்பு வழியாக விட்டு மேகசின் குழி வழியாக வெளியே எடுத்துப் பூட்டுங்கள். கேபிள் இருக்கும்வரை ஸ்லைடு மூடாது. பெட்டியைத் திறந்து பார்க்கும் எவருக்கும் துப்பாக்கி காலி என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சட்டம் இந்தக் கேபிளைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

3. எங்கே வைப்பது? எனக்குப் பிடிபட நேரமானது இதுதான்

டிக்கி தனியாக இருக்கும் செடான் என்றால் கவலையில்லை. காலியான துப்பாக்கி, தோட்டா இரண்டும் டிக்கிக்குள் போகட்டும். நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பதோ எஸ்யூவி, மினிவேன், ஹேட்ச்பேக். பின்னால் எவ்வளவு இடம் இருந்தாலும் அது ஆட்கள் உட்காரும் பகுதியோடு சேர்ந்ததுதான். பின்சீட்டில் இருப்பவர் கையை நீட்டினால் எட்டிவிடும். இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சட்டம் தனி வாக்கியமே வைத்திருக்கிறது: துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், கிளவ் பாக்ஸும் கன்சோலும் (முன்சீட்டுகளுக்கு நடுவில் உள்ள பெட்டி) அந்தக் கணக்கில் வராது. கன்சோலுக்குத் தனிச் சாவி இருக்கிறதே என்று வாதாட இடமில்லை. கலிஃபோர்னியா சட்டமும் கைத்துப்பாக்கிக்கு கிளவ் பாக்ஸைப் பூட்டிய பெட்டியாக ஏற்பதில்லை.

நான் செடானில் போனாலும் பூட்டிய பெட்டியில்தான் வைப்பேன். பள்ளியின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதை ஒரு மத்திய சட்டம் தடுக்கிறது. காலியாகவும் பூட்டிய பெட்டிக்குள்ளும் இருந்தால் விலக்கு. ஊருக்குள் ஓட்டினால் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பள்ளியைத் தாண்டிவிடுவோம். அதனால் சட்டம் தளர்வாக இருக்கும் மாநிலத்திலும் பூட்டு போடுங்கள்.

பெட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கெட்டி பிளாஸ்டிக்கோ அலுமினியமோ, எதுவானாலும் கடினப் பெட்டிதான். துணிப் பையின் ஜிப்புக்குப் பூட்டு போடலாம். ஆனால் ஒரு கத்தி போதும், பை திறந்துவிடும். பெட்டியில் பூட்டுக்கு எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டு வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பூட்டினால் மறு மூலையைத் தூக்கிக் கையை நுழைத்துவிடலாம். எண் பூட்டைவிடச் சாவிப் பூட்டு எனக்குப் பிடிக்கும். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. பெட்டியைக் காரின் தளத்தில் உள்ள கொக்கியோடு எஃகுக் கம்பியால் கட்டிவிடுங்கள். திருடன் கண்ணாடியை உடைத்தாலும் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

4. சாலையில்

பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை என்று நின்று போகலாம். ஊர் சுற்றிப் பார்க்காதீர்கள். எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று 1986 சட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் 2005-இல் இணைப்புப் பயணம் தவறிய ஒருவர், பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டியோடு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோது கைதானார். இரவெல்லாம் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் மத்திய சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். இரவு தங்கியே ஆக வேண்டுமென்றால், கட்டுப்பாடு குறைந்த மாநிலத்தில் தங்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். துப்பாக்கி இருப்பதை நாமாகவே சொல்ல வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வழியில் உள்ளவற்றை முன்கூட்டியே படித்து வையுங்கள். அதிகாரி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நயாகராவைக் கனடாப் பக்கமிருந்து பார்க்கும் திட்டம் இருந்தால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். எல்லைக்கு அப்பால் இந்தச் சட்டம் செல்லாது. கனடாவின் விதிகள் முற்றிலும் வேறு.

பின்சேர்க்கை

"எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, மனைவி எச்-1பி. பெட்டி பின்னால் இருக்கும்போது அவர் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் முதலில் எழுதியபோது இதை யோசிக்கவில்லை, நல்ல கேள்வி. கையில் பிடித்திருப்பது மட்டும்தான் உடைமை என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதும் உடைமைதான். அதனால் அவர் தனியாக ஓட்டும் காரில் பெட்டி இருக்கவே கூடாது. இருவரும் சேர்ந்து போகும்போதும் பெட்டிச் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கட்டும், எண் பூட்டு என்றால் எண் உங்களுக்கு மட்டுமே தெரியட்டும். கார்ச் சாவியும் பெட்டிச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் இன்றே பிரித்துவிடுங்கள். விசா தொடர்பாகச் சிறு சந்தேகம் இருந்தாலும், பயணத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.